படிக்கட்டும் இடுப்பளவும்

உடல் பருத்தவரை நோக்கி உலகம் கூறும் புத்திமதி ஒன்றே: "வாயைக் கட்டு." வாயைக் கட்டியும் மெலியாதவரை நோக்கி அது வழங்கும் தீர்ப்பும் ஒன்றே: "மன உறுதி போதாது." எமது பாடசாலைகளின் ஆசிரியர் ஓய்வறைகளிலும் இவ்விரு வசனங்களையும் அடிக்கடி கேட்கலாம். விடுமுறைக் காலத்திற் சோற்றைத் துறந்து ஐந்து கிலோ குறைந்தவர், அடுத்த தவணை முடிவதற்குள் ஆறு கிலோ கூடிவிடுவதும், அதன்பொருட்டுத் தம்மையே நொந்துகொள்வதும் நாம் காணாத காட்சிகள் அல்ல.

இன்றைய மருத்துவம் இவ்வாறான கடுந்தவத்தைப் பெரிதும் போற்றுவதில்லை. சிறிய மாற்றங்களைச் செய்க, அவற்றை நெடுங்காலம் கைவிடாது பேணுக என்பதே அதன் அறிவுரை. கேட்பதற்கு எளிதான இவ்வறிவுரை எளிதிற் பெறப்பட்டதன்று. அதற்குப் பின்னால் ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றிற் சீமான்களின் உணவு மேசையும் வருகின்றது. பஸ் தொழிலாளரின் காற்சட்டையும் வருகின்றது. அதனைச் சற்று நோக்குவது, உடற்பருமனை வெறும் தனிமனிதக் குறைபாடாகக் கருதும் மயக்கத்திலிருந்து விடுபட உதவும்.

1862 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் லண்டன் நகரிலே வில்லியம் பான்ரிங் என்பவர் 202 இறாத்தல் எடையுடையவராக இருந்தார். அவரது உயரமோ 5 அடி 5 அங்குலம். அறுபத்தைந்து வயதைக் கடந்த அவர், அரச குடும்பத்தாரின் இறுதிச் சடங்குகளை ஒழுங்கு செய்துவந்த வசதி மிக்க வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர். குனிந்து தமது சப்பாத்தின் கயிற்றைக் கட்ட அவரால் இயலவில்லை. முழங்கால் தாங்காமையாற் படிகளிலே பின்புறமாகத் திரும்பி மெல்ல மெல்ல இறங்கவேண்டியிருந்தது. படகு வலித்தார், பசி கூடியதேயன்றி எடை குறையவில்லை. நீராடற் சிகிச்சைகளும் பயன்தரவில்லை. ஈற்றில் காது மந்தமென்று அவர் நாடிய வைத்தியரான வில்லியம் ஹாவி, பாண், வெண்ணெய், பால், சீனி, பியர், உருளைக்கிழங்கு ஆகியவற்றைத் தவிர்க்குமாறு பணித்தார். ஓராண்டு சற்றுக் கடந்தபொழுது பான்ரிங் 46 இறாத்தல் குறைந்திருந்தார். தமது அனுபவத்தைப் பொதுமக்களுக்கான கடிதமாக 1863 இல் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். நூல் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. உணவைக் கட்டுப்படுத்தி மெலிதல் என்ற பொருளில் அவரது பெயரே ஆங்கிலத்தில் வினைச்சொல்லாயிற்று.

இவ்விடத்து இரண்டு உண்மைகளை நாம் கருத்திற் கொள்ளவேண்டும். பான்ரிங் பட்டினி கிடக்கவில்லை. நாளாந்த உணவின் ஒழுங்கை மாற்றி அம்மாற்றத்தை விடாது பேணினார். அதனாலேயே பயன் பெற்றார். இது முதலாவது. இரண்டாவது, அவ்வொழுங்கின் விலை பற்றியது. மூன்று வேளையும் இறைச்சி அல்லது மீன். அவற்றுடன் திராட்சை மது. இத்தகைய மேசையை அக்கால இங்கிலாந்தில் எத்தனை வீடுகள் தாங்கியிருக்கும்?

இவ்வினாவுக்கான விடை அதே 1863 ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டது. எட்வேட் சிமித் என்னும் மருத்துவர் அரசின் பணிப்பின்பேரில் இங்கிலாந்தின் வறிய உழைப்பாளரின் உணவை ஆராய்ந்தார். தையற் பெண்கள், பட்டு நெசவாளர், கையுறை செய்வோர், விவசாயக் கூலிகள் எனப் பலரின் வீடுகளில் வாரந்தோறும் உண்ணப்படுவது யாதென்பதைக் கணக்கிட்டார். உயிர் வாழ்வதற்கு வேண்டிய அளவையேனும் எட்டாத குடும்பங்கள் பல. விவசாயக் கூலியின் வீட்டிலே பெண்ணும் பிள்ளைகளுமே அதிகம் பட்டினி கிடந்தனர். உழைப்பவன் உண்டாலன்றி மறுநாள் வேலைக்குப் போக முடியாதல்லவா? கார்ல் மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் பாகத்தில் இவ்வறிக்கையை எடுத்தாண்டுள்ளார். ஒரே நாடு, ஒரே ஆண்டு. ஒரு வர்க்கம் கொழுப்பைக் கரைக்க நூல் படிக்கின்றது. மற்றொரு வர்க்கத்தின் எலும்பை அரசு எண்ணிப் பார்க்கின்றது.

இருபதாம் நூற்றாண்டில் உணவைக் கலோரியாக அளக்கும் முறை பரவியது. 1918 இல் அமெரிக்க மருத்துவரான லூலு ஹன்ற் பீற்றர்ஸ் எழுதிய நூல் கலோரிக் கணக்கை இல்லந்தோறும் கொண்டுசென்றது. கணக்கு பயனற்றதன்று. ஆயினும் அக்கணக்கோடு ஒரு நீதியும் ஒட்டிக்கொண்டது: கணக்குத் தவறியவன் குற்றவாளி.

இந்நீதியின் பொய்ம்மையை 1959 இல் அல்பேட் ஸ்ரங்காட் என்னும் மருத்துவர் வெளிப்படுத்தினார். நியூயோர்க் நகர மருத்துவமனை ஒன்றில் மெலிவதற்காக உணவுத் திட்டம் பெற்றுச் சென்ற 100 பேரை அவரும் அவரது சகாவும் தொடர்ந்து அவதானித்தனர். இருபது இறாத்தல் குறைந்தோர் 12 பேர் மாத்திரமே. இரண்டாண்டுகளின் பின்னரும் அக்குறைவைப் பேணியோர் இருவர். நூறு பேரில் தொண்ணூற்றெட்டுப் பேரை மன உறுதியற்றோர் எனத் தள்ளிவிடுவது அறிவுடைமையாகுமா? ஒரு வகுப்பில் நூறு மாணவரில் இருவர் மட்டுமே சித்தியடைவராயின், நேர்மையுள்ள ஆசிரியன் மாணவரை ஏசமாட்டான். கற்பித்த முறையையே ஐயுறுவான்.

முறையை வேறு திசையிலிருந்து நோக்கும் வழியை லண்டன் நகரத்துப் பஸ் ஒன்று ஏலவே காட்டியிருந்தது. ஜெரி மொறிஸ் 1910 இல் பிறந்தவர். போலந்திலிருந்து குடிபெயர்ந்த யூதக் குடும்பத்தின் பிள்ளை. கிளாஸ்கோ நகரிலே வளர்ந்தவர். இரண்டாம் உலகப் போரின் பின்னர், மருத்துவத்தைச் சமூகத்தோடு இணைத்து ஆராயும் பிரிவொன்றில் அவர் பணியாற்றினார். மாரடைப்பு அந்நாட்களில் வேகமாகப் பெருகிவந்தது. அதற்கும் செய்யும் தொழிலுக்கும் தொடர்பு உண்டா என்பதே அவர் எழுப்பிய வினா.

லண்டன் போக்குவரத்துச் சேவையின் 35 முதல் 64 வயது வரையிலான ஏறத்தாழ 31,000 ஆண் தொழிலாளரை அவரது குழுவினர் ஆராய்ந்தனர். இரட்டைத்தட்டு பஸ்ஸிலே இருவர் வேலை செய்வர். சாரதி தமது வேலை நேரத்திற் பெரும்பகுதியை இருக்கையிலேயே கழிப்பார். நடத்துனரோ பயணச்சீட்டுக் கொடுப்பதற்காக மேற்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்குமாக ஏறி இறங்குவார். நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் வரை. இருவரும் ஒரே வர்க்கத்தினர், ஒரே நிறுவனத்தினர், ஒரே பஸ்ஸில் ஒரே புகையைச் சுவாசிப்பவர்கள். ஆயினும் இதய நோய் நடத்துனரைக் குறைவாகவே தாக்கியது. தாக்கியபோதும் பிந்திய வயதில், உயிரைச் சடுதியிற் பறிக்காத வகையிலே தாக்கியது. நடந்தும் சைக்கிளிலும் கடிதம் விநியோகித்த தபாற்காரருக்கும், மேசையில் அமர்ந்திருந்த எழுதுவினைஞருக்கும் இடையே இதே வேறுபாடு காணப்பட்டது. முடிவுகள் 1953 இல் வெளியாயின.

உடற்பருமனைப் பொறுத்தவரை இவ்வாய்வின் சுவையான பகுதி 1956 இல் வந்தது. தொழிலாளருக்கு நிறுவனமே சீருடை தைத்துக் கொடுத்தது. தையற் பதிவேட்டில் ஒவ்வொருவரின் இடுப்பளவும் குறிக்கப்பட்டிருந்தது. தூசி படிந்த அப்பதிவேட்டை மொறிஸ் குழுவினர் ஆராய்ச்சிச் சான்றாக்கினர். ஒத்த வயதினரை ஒப்பிட்டபொழுது, நடத்துனரைவிடச் சாரதியரின் இடுப்பே பெருத்திருந்தது. ஆனால் இங்கே ஒரு சிக்கலும் தோன்றியது. இளஞ்சாரதியரிடத்தும் இவ்வேறுபாடு காணப்பட்டமையால், இருக்கை பருக்க வைத்ததா, பருத்தவர் இருக்கையை நாடினரா என்ற ஐயம் எழுந்தது. மொறிஸ் இதனை மறைக்கவில்லை. இடுப்பளவு ஒத்தவர்களைத் தனித்தனியே ஒப்பிட்டபொழுதும், மெலிந்தவராயினும் பருத்தவராயினும், நடத்துனருக்கே சடுதி மரணம் குறைவாயிருந்தது. எடை இறங்குமுன்னரே, ஏறி இறங்கும் கால் இதயத்துக்கு நன்மை செய்கின்றது என்பது இதனாற் பெறப்பட்டது. தராசு முள் அசையவில்லையென மனமுடைந்து நடையைக் கைவிடுவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இக்கதை எமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. தனியார் கம்பனிகளின் கையிலிருந்த பஸ் சேவை 1958 இல் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. லண்டன் கழித்துவிட்ட இரட்டைத்தட்டு பஸ்களை அச்சபை வாங்கி எமது வீதிகளில் ஓடவிட்டது. லண்டன் நடத்துனர் ஏறிய படிகளில் எமது நடத்துனரும் ஏறினர்.

தொழில் உடலை அசைக்காதபோது என் செய்வது? அசைவையும் உணவொழுங்கையும் சிறுகச் சிறுக அன்றாட வாழ்வில் நுழைப்பதே வழி. 1967 இல் றிச்சட் ஸ்ருவாட் என்பவர் எட்டுப் பேரிடம் இதனைச் சோதித்தார். வீட்டில் ஒரே இடத்திலிருந்து மட்டும் உண்ணல், உண்ணும்போது வாசிப்பையும் வானொலியையும் தவிர்த்தல், கவளங்களுக்கு இடையே கரண்டியைக் கீழே வைத்தல், உண்டதை எழுதிவைத்தல் என்பன போன்ற சிறு பழக்கங்களையே அவர் பயிற்றினார். ஓராண்டில் அவர்கள் 26 முதல் 47 இறாத்தல் வரை குறைந்தனர். மன உறுதியைப் போதியாது சூழலை மாற்றியமையே இம்முறையின் சிறப்பு.

எட்டுப் பேர் போதாதென்பார்க்குச் சீனத்தின் தாச்சிங் நகரம் விடை தருகின்றது. எண்ணெய் வயலைச் சூழ்ந்து எழுந்த தொழிலாளர் நகரம் அது. 1986 இல் அங்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரைப் பரிசோதித்து, நீரிழிவின் வாசலில் நின்ற 577 பேரைத் தெரிந்தெடுத்தனர். 33 சிகிச்சை நிலையங்கள் குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. ஒரு குழுவுக்கு உணவொழுங்கு, ஒன்றுக்கு உடலசைவு, ஒன்றுக்கு இரண்டும், ஒன்றுக்கு வழமையான கவனிப்பு மட்டும். பருத்தவர்களுக்கு விதிக்கப்பட்ட இலக்கைக் கவனியுங்கள்: மாதமொன்றுக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை. ஆறாண்டுகளின் பின்னர், வழமையான கவனிப்பு மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு 67.7 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். ஏனைய மூன்று குழுக்களிலும் அத்தொகை 41 முதல் 46 வரையே. முப்பது ஆண்டுகளின் பின்னர் 2019 இல் வெளியான அறிக்கை, மாற்றங்களைப் பயின்றோர் சராசரியாக ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்தனர் எனக் காட்டியது.

பின்லாந்திலும் அமெரிக்காவிலும் இதே உண்மை உறுதிப்பட்டது. 2002 இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 3,234 பேர் பங்குபற்றினர். உடலெடையில் நூற்றுக்கு ஏழு பங்கைக் குறைத்தல், வாரத்தில் 150 நிமிடம் விரைந்து நடத்தல் ஆகியவையே இலக்குகள். நீரிழிவின் தாக்கம் நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. மெற்போமின் மாத்திரை உண்டோரிடம் அது 31 பங்கே குறைந்தது. எனவே சிறு மாற்றம் பயன்தருமா என்பது இனி வினாவன்று.

சிறு மாற்றம் யாருக்கு இயலும் என்பதே வினா. லண்டன் நடத்துனர் தமது நலத்துக்காகப் படியேறவில்லை; வேலை ஏற்றியது. செலவைக் குறைக்கச் சாரதியே சீட்டும் வழங்கும் முறை பரவியபோது படியும் போயிற்று, நடத்துனரும் போயினர். 2005 டிசம்பரில் ரூட்மாஸ்ரர் பஸ்கள் வழமையான சேவையிலிருந்து நீக்கப்பட்டதோடு அம்மரபு ஏறத்தாழ முடிவுற்றது. ஒரு வர்க்கத்தின் நலத்தைக் காத்த படிக்கட்டை அவ்வர்க்கத்தைக் கேட்டு யாரும் அகற்றவில்லை.

மொறிஸ் இதனை நன்குணர்ந்திருந்தார். தாமும் நாள்தோறும் ஓடிப் பயின்ற அவர், ஓடுங்கள் என்று பிறருக்குச் சொல்வதோடு நின்றுவிடவில்லை. பிரித்தானியாவில் வர்க்கங்களுக்கிடையே நிலவிய நலவேறுபாட்டை ஆராய்ந்த பிளக் குழுவில் அவரும் ஒருவர். 1980 இல் அதன் அறிக்கையை அன்றைய அரசு 260 பிரதிகள் மாத்திரம் வெளியிட்டு அடக்கிவிட முயன்றது. 2000 ஆம் ஆண்டில், தொண்ணூறு வயதை எட்டும் வேளையில், மொறிஸ் மற்றொரு கணக்கைச் சகாக்களோடு வெளியிட்டார். சத்துணவு, உடற்பயிற்சி, உறைவிடம், மனிதத் தொடர்பு என மருத்துவம் வேண்டுமென்று கூறும் அனைத்தையும் ஓர் இளைஞன் பெறுவதற்கு வாரந்தோறும் எவ்வளவு பணம் வேண்டும் என்பதே அக்கணக்கு. சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலி அதற்குப் போதாதிருந்தது. 2009 இல் அவர் மறைந்தார். 1863 இல் சிமித் எழுப்பிய வினாவையே அவரும் எழுப்பிச் சென்றார்.

ஆகவே, "சமூகம் மாறட்டும், பின்னர் நடப்போம்" என்று நாம் இருந்துவிடலாமா? கூடாது. தேநீரிற் சீனியை ஒரு கரண்டி குறைப்பதும், தட்டிற் சோற்றைச் சற்றுக் குறைத்துக் கீரையைக் கூட்டுவதும், ஒரு தரிப்பிடம் முன்னரே இறங்கி நடப்பதும் நாளையே இயலக்கூடியவை. தாச்சிங் நகரத் தொழிலாளர் அத்தகையவற்றாலேயே பயன் பெற்றனர். ஆனால் வீட்டில் அடுப்பையும் பிள்ளையையும் தனியே சுமக்கும் ஆசிரியைக்கு அரைமணி நேர நடை எங்கிருந்து வரும்? கணவன் அடுப்பைப் பங்கிட்டாலன்றி வராது. இரண்டு வேலை செய்து வாடகை கட்டுபவனுக்கு நேரம் எங்கிருந்து வரும்? கூலி உயர்ந்தாலன்றி வராது. நடைபாதையே இல்லாத வீதியில், மரக்கறியைவிட பிஸ்கற் மலிவான சந்தையில், சிறு மாற்றமும் பெரும் போராட்டமாகின்றது.

எமது நாட்டிலே மெலிந்து வாடும் குழந்தையும் பருத்து நோயுற்ற தாயும் ஒரே கூரையின் கீழ் வாழ்வதைக் காண்கின்றோம். இருவரையும் வாட்டுவது உணவின் அளவு மட்டுமன்று. அதனைத் தெரிவுசெய்யும் உரிமையின் குறைவுமாகும். மாணவருக்கு நாம் சுகாதாரம் கற்பிக்கும்பொழுது, படியேறுங்கள் என்று சொல்வோம். அதனோடு, லண்டனில் அந்தப் படியைக் கழற்றியவர் யார் என்பதையும் சொல்வோம்.