கியரை மாற்றுவது யார்? இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸின் கதை

கார் ஓட்டப் பழகியவர்களுக்கு முதல் நாள் பாடம் மறக்காது. இடது காலால் கிளட்சை மிதிக்க வேண்டும், கியரைப் போட வேண்டும், பிறகு கிளட்சை மெல்ல விட்டபடியே ஆக்ஸிலேட்டரைக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டாலும் வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றுவிடும். இந்தப் பாடம் தேவைப்படாத கார்கள் இன்று ஏராளம். அவற்றில் ஒரு வகைதான் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக். மேனுவல் வாங்குவதா, இதை வாங்குவதா என்று யோசிப்பவர்கள் விலையையும் மைலேஜையும் கணக்குப் பார்ப்பார்கள். ஆனால் இந்தப் போட்டிக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

மேனுவலின் தொடக்கம்

பெட்ரோல் இன்ஜின் மெதுவாகச் சுழலும்போது அதன் இழுவிசை குறைவு. நின்றிருக்கும் காரைக் கிளப்பவும், ஓடும் காரை வேகமெடுக்க வைக்கவும் ஒரே கியர் போதாது. 1890களில் பிரான்ஸின் பனார்-லெவஸோர் நிறுவனம் நகரும் பற்சக்கரங்களைக் கொண்ட கியர்பாக்ஸைக் காரில் பொருத்தியது. இன்றைய மேனுவலின் மூதாதை அதுதான். அந்தக் காலத்தில் கியர் மாற்றுவது ஒரு வித்தை. பற்சக்கரங்களின் வேகம் பொருந்தாவிட்டால் கரகரவென்று சத்தம் வரும். அதைத் தவிர்க்க ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிளட்சை இரண்டு முறை மிதித்தார்கள்.

இந்தச் சிரமத்தைப் போக்கியவர் அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் தாம்சன். வேகங்களைத் தானே பொருத்திவிடும் அவரது 'சிங்க்ரோமெஷ்' அமைப்பு 1928ல் காடிலாக் கார்களில் வந்தது. அதே தாம்சன்தான் பின்னர் ஜெனரல் மோட்டார்ஸில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உருவாக்கிய குழுவுக்கும் தலைமை வகித்தார். அந்த ஹைட்ரா-மேட்டிக் 1940ம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் அறிமுகமானது. இன்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கடத்துவதால் அதில் கிளட்ச் பெடலே இல்லை. எண்ணெயில் கொஞ்சம் சக்தி வீணாகும். பெட்ரோல் மலிவாக இருந்த அமெரிக்காவில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிறிய இன்ஜின்களும் விலை உயர்ந்த பெட்ரோலும் இருந்த ஐரோப்பா மேனுவலையே பிடித்துக்கொண்டது.

ஜார் மன்னரின் பொறியாளர்

மேனுவலின் சிக்கனம், ஆட்டோமேட்டிக்கின் வசதி இரண்டும் ஒரே பெட்டியில் கிடைக்குமா? இதற்கு விடை தேடியவர் பிரெஞ்சுக்காரரான அடோல்ஃப் கெக்ரெஸ். ரஷ்யாவில் ஜார் இரண்டாம் நிக்கோலஸின் கார்களைக் கவனித்துவந்தவர் இவர். பனியில் போவதற்காகப் பின்சக்கரங்களுக்குப் பதில் ரப்பர் பட்டை பூட்டிய கார்களை அங்கே உருவாக்கினார். புரட்சிக்குப் பின் பிரான்ஸ் திரும்பினார். 1922-23ல் சஹாரா பாலைவனத்தைக் கடந்த சிட்ரோயன் வண்டிகள் ஓடியது இவருடைய பட்டைகளின் மீதுதான்.

1939ல் இவர் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் ஒன்றை வடிவமைத்தார். அதன் தத்துவம் எளிமையானது. 1, 3, 5 ஆகிய கியர்கள் ஒரு கிளட்சிலும், 2, 4, 6 ஆகியவை இன்னொரு கிளட்சிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கார் 2வது கியரில் ஓடும்போதே 3வது கியர் தயாராகப் பூட்டப்பட்டுக் காத்திருக்கும். மாற்ற வேண்டிய நேரத்தில் ஒரு கிளட்ச் விடுபட, அதே கணத்தில் மற்றது பிடித்துக்கொள்ளும். சக்கரங்களுக்குச் செல்லும் விசை அறுபடாது. அதாவது, இரண்டு மேனுவல் கியர்பாக்ஸ்கள் ஒரே பெட்டிக்குள் மாறி மாறி வேலை செய்கின்றன.

ஆனால் காலம் கெக்ரெஸுக்கு ஒத்துழைக்கவில்லை. உலகப் போர் மூண்டது. 1943ல் அவர் காலமானார். இரண்டு கிளட்சுகளையும் கணம் தவறாமல் ஆள்வதற்குத் தேவையான எலெக்ட்ரானிக்ஸும் அன்று இல்லை.

பந்தயத்திலிருந்து சாலைக்கு

1980களில் ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் இந்த யோசனையைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தது. டர்போ இன்ஜின் உள்ள பந்தயக் காரில் கியர் மாற்றக் காலை எடுத்தால் டர்போவின் அழுத்தம் குறைந்துவிடும். இரட்டை கிளட்சில் அந்தத் தொல்லை இல்லை. 1986ல் இத்தாலியின் மோன்ஸாவில் ஹான்ஸ் ஸ்டுக், டெரக் பெல் இருவரும் இந்தக் கியர்பாக்ஸ் பொருத்திய போர்ஷே 962ல் வெற்றி பெற்றார்கள். ஆனாலும் அது சாலைக்கு வர மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. 2003ல் ஃபோக்ஸ்வேகன், கோல்ஃப் ஆர்32 காரில் டிஎஸ்ஜி என்ற பெயரில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. போர்ஷேயின் சொந்த 911 காருக்கு அது 2008ல்தான் வந்தது.

சிக்கல்களும் வந்தன. முதலில் வந்த டிஎஸ்ஜியின் கிளட்சுகள் எண்ணெயில் மூழ்கியவை. 2008ல் வந்த 7 கியர் வகையில் எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் பயன்படுத்தப்பட்டது. இது எடை குறைவு, சக்தி இழப்பும் குறைவு. ஆனால் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது கிளட்ச் வழுக்கி வழுக்கிச் சூடாகும். 2013 மார்ச்சில் டிஎஸ்ஜி கோளாறுக்காகச் சீனாவில் 3,84,181 கார்களை ஃபோக்ஸ்வேகன் திரும்ப அழைத்தது. அதே ஆண்டு நவம்பரில், கியர்பாக்ஸ் எண்ணெயை மாற்றுவதற்காக உலகெங்கும் சுமார் 16 லட்சம் கார்கள் அழைக்கப்பட்டன. மேனுவலில் கிளட்ச் தேய்ந்தால் சாதாரண மெக்கானிக்கே மாற்றிவிடுவார். இரட்டை கிளட்சுக்குத் தனிக் கருவிகளும் கம்ப்யூட்டரும் வேண்டும். செலவும் அதிகம்.

வாடிக்கையாளர் தந்த தீர்ப்பு

இந்த வரலாற்றின் சுவையான கட்டம் இனிமேல்தான். 2013ல் போர்ஷே தனது 911 ஜிடி3 காரில் மேனுவலை அடியோடு நீக்கியது. வேகமாக ஓடுவதற்கென்றே செய்யப்படும் கார் அது. இரட்டை கிளட்ச்தான் வேகம் என்பதால் மேனுவலுக்கு இனி என்ன வேலை என்பதே நிறுவனத்தின் கணக்கு. ஆனால் அந்தக் காரின் ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். 2016ல் மேனுவல் மட்டுமே கொண்ட 911 ஆர் என்ற காரை 991 எண்ணிக்கையில் போர்ஷே வெளியிட்டது. அது பழைய கார் சந்தையில் புதிய விலையைவிடப் பன்மடங்குக்குக் கைமாறியது. 2017ல் ஜிடி3 காருக்கே மேனுவல் திரும்பி வந்தது.

அந்த 2017 ஜிடி3 மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட, இரட்டை கிளட்சில் 3.4 விநாடி, மேனுவலில் 3.9 விநாடி. மேனுவல் அரை விநாடி மெதுவானது என்று தெரிந்தேதான் அதை வாங்கினார்கள். தன் கையும் காலும் சேர்ந்து ஒரு கியரைச் சரியாகப் போடும்போது கிடைக்கும் திருப்தி அவர்களுக்கு அந்த அரை விநாடியைவிடப் பெரிதாக இருந்தது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

வேகத்தில் இரட்டை கிளட்ச் எப்போதோ வென்றுவிட்டது. ஆகவே வாங்குபவர் வேறு கேள்விகளைத்தான் கேட்க வேண்டும். தினமும் நெரிசலில் ஓட்ட வேண்டியிருந்தால் இடது காலுக்கு ஓய்வு தரும் இரட்டை கிளட்ச் நல்லது. அதிலும் எண்ணெய்க் கிளட்சா, உலர் கிளட்சா என்று விசாரித்து, எண்ணெய்க் கிளட்சையே வாங்குவது உத்தமம். நீண்ட நாள் வைத்திருந்து, குறைந்த செலவில் பராமரிக்க நினைப்பவருக்கு மேனுவலே துணை. ஓட்டுவதையே விரும்புகிறவருக்கும் அதுதான்.

ஆனால் இந்தத் தேர்வுக்கான காலம் குறுகிவருகிறது. 2024ல் புதுப்பிக்கப்பட்ட கோல்ஃப் ஜிடிஐயில் மேனுவல் கைவிடப்பட்டது. பெரும்பாலான மின்சாரக் கார்களில் மாற்றுவதற்கு கியரே கிடையாது. கெக்ரெஸ் கண்ட கனவு நனவாக அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்தக் கனவும், அது வெல்ல நினைத்த மேனுவலும் பெட்ரோல் இன்ஜினோடு சேர்ந்து ஒன்றாகவே விடைபெறக்கூடும். அதுவரை, கியரை மாற்றுவது தானா, இயந்திரமா என்பதை முடிவு செய்யும் உரிமை ஓட்டுபவரிடம் இருக்கிறது.