காலம் குறித்து அனுப்பும் குறுஞ்செய்தியின் வரலாறு

குறுஞ்செய்தி ஒன்றை இப்போதே எழுதி, குறித்த நாளில் குறித்த மணிக்குத் தானாகப் போய்ச்சேரும்படி வைத்துவிடும் வசதி இன்று பெரும்பாலான திறன்பேசிகளில் உள்ளது. கூகுள் மெசேஜஸ் செயலியில் அனுப்பும் பொத்தானைச் சற்று அழுத்திப் பிடித்தால் போதும், நாளும் நேரமும் கேட்கும் பட்டியல் திறக்கும். இவ்வளவு எளிய ஏற்பாடு, முதல் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்தே பரவலாகக் கைக்கு வந்தது. தொழில்நுட்பம் இல்லாததால் ஏற்பட்ட தாமதம் அல்ல இது. காத்திருக்கும் செய்தியை யார் வைத்திருப்பது என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு விடை கிடைத்தது. அந்த விடைகளின் வரலாறே இக்கட்டுரை.

தொடக்கம்

ஐரோப்பாவின் ஜிஎஸ்எம் வலையமைப்பிற்கான பிரெஞ்சு-செருமானியக் கூட்டுமுயற்சியில், 1984இல் பிரீட்எல்ம் இல்லபிராண்ட், பெர்னார் கில்பெர் ஆகியோர் குறுஞ்செய்திக் கருத்தை உருவாக்கினர். அழைப்புகளைக் கட்டுப்படுத்தும் சமிக்ஞைத் தடம் பெரும்பாலும் சும்மா கிடந்தது. அதில் 140 பைட்டு அளவுள்ள சிறு செய்தியை ஏற்றலாம் என்பதே திட்டம். ஓர் எழுத்துக்கு ஏழு பிட்டு என்று கொண்டால் அது 160 இலத்தீன் எழுத்துகள். தமிழுக்கு வரும்போது 70 குறிகள்தான்; அதிலும் புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியே கணக்காவதால் ‘வணக்கம்’ என்ற சொல்லே ஏழு இடங்களைப் பிடித்துக்கொள்ளும்.

1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற 22 வயதுப் பொறியாளர், கணினியிலிருந்து வோடபோன் நிறுவனத்தின் ரிச்சர்ட் சார்விசுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். அதுவே முதல் குறுஞ்செய்தி.

குறுஞ்செய்தி தொலைபேசி அழைப்பைப் போல நேரடியாகச் செல்வதில்லை. அனுப்பியவரிடமிருந்து குறுஞ்செய்தி மையத்திற்குப் போகும். பெறுபவரின் கைப்பேசி அணைந்திருந்தால் மையம் அதை வைத்திருந்து மீண்டும் மீண்டும் முயலும். ஆகவே காத்திருத்தல் என்பது இச்சேவையின் அடித்தளத்திலேயே இருந்தது. ஆனால் கைப்பேசியிலிருந்து மையத்திற்குப் போகும் செய்தியின் தரப்படுத்தப்பட்ட வடிவத்தில் ‘எப்போது வரை முயலலாம்’ என்று சொல்லத்தான் இடம் இருந்தது. அதிகபட்சம் 63 வாரம். ‘எப்போது முதல்’ என்று சொல்ல இடமில்லை. செய்தியின் ஆயுளைக் குறிக்கலாம், பிறந்த நேரத்தைக் குறிக்க முடியாது.

நிறுவனங்களுக்கு முதலில்

வங்கிகள், விளம்பரதாரர்கள் போன்றோர் மையத்தோடு கணினி வழியே இணைய எஸ்எம்பிபி என்ற நெறிமுறை பயன்பட்டது. அயர்லாந்தின் ஆல்டிசுகான் நிறுவனம் உருவாக்கியது அது. அதில் அனுப்ப வேண்டிய நேரத்திற்கென்றே ஒரு புலம் இருந்தது. நேர மண்டல வேறுபாட்டைக் கால்மணிக் கணக்கில் எழுத வேண்டும். இந்திய நேரத்திற்கு 22. இப்படிப் பெருநிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் நேரம் குறித்து அனுப்பக்கூடிய நிலையில், தன் தங்கைக்கு நள்ளிரவில் பிறந்தநாள் வாழ்த்து அனுப்ப நினைத்தவர் விழித்திருக்கத்தான் வேண்டியிருந்தது.

இந்தியாவில் இதற்குச் சட்டத் தேவையும் சேர்ந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2010இல் வெளியிட்டு, 2011 செப்டம்பர் 27 முதல் முழுமையாக நடைமுறைப்படுத்திய விதிகளின்படி, இரவு 9 மணி முதல் காலை 9 மணி வரை வணிகக் குறுஞ்செய்திகளுக்குத் தடை இருந்தது. இரவில் ஆயத்தமான விளம்பரம் காலைவரை எங்காவது வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

கைப்பேசியே காவலன்

திறன்பேசிகள் வந்தபின், தனியார் எழுதிய சிறு செயலிகள் இக்குறையை வேறு வழியில் நிரப்பின. செய்தி கைப்பேசியிலேயே கிடக்கும். கடிகாரம் எழுப்பியதும் செயலி அதை வழக்கம்போல் அனுப்பும். மையத்திற்கு இதெல்லாம் தெரியாது. சாம்சங் தன் செய்திச் செயலியிலேயே இவ்வசதியைப் பிறரைவிட முன்னதாகச் சேர்த்திருந்தது.

இம்முறையின் பலவீனம் வெளிப்படையானது: அந்த நொடியில் மின்கலம் தீர்ந்திருந்தாலோ அலை கிடைக்காவிட்டாலோ செய்தி போகாது. 2015இல் ஆண்ட்ராய்டு 6, மின்சாரம் சேமிக்கப் பின்னணிச் செயலிகளை உறங்கவைக்கத் தொடங்கியது. செயலி எழுதுவோருக்கு இது புதுத் தலைவலி. 2018இல் கூகுள் பிளே, குறுஞ்செய்தி அனுமதிகளைப் பெரும்பாலும் இயல்பான செய்திச் செயலிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. தனியுரிமைக்கு அது தேவைதான் என்றாலும், ‘பிறகு அனுப்பு’ வகைச் சிறு செயலிகள் பலவற்றின் நிலம் அத்தோடு பறிபோனது. ஆப்பிள் ஐபோனிலோ, பயனர் தொடாமல் பிற செயலி குறுஞ்செய்தி அனுப்ப முதலிலிருந்தே இடமில்லை.

ஒன்பது மாதம் தாமதித்த செய்திகள்

காத்திருக்கும் செய்தியின் ஆபத்தை 2019 உலகுக்குக் காட்டியது. அவ்வாண்டு பிப்ரவரி 14, காதலர் நாளன்று, அமெரிக்க நிறுவனங்களிடையே குறுஞ்செய்தி கடத்தும் சினிவர்சு நிறுவனத்தின் வழங்கி ஒன்று செயலிழந்தது. நவம்பர் 7 அதிகாலையில் அது மீண்டும் இயக்கப்பட்டபோது, உள்ளே தேங்கியிருந்த 1,68,149 செய்திகள் ஒருசேரப் புறப்பட்டன. அவை காலம் குறித்து அனுப்பப்பட்டவை அல்ல. ஆனால் விளைவு அதேதான். பிரிந்துபோன காதலரிடமிருந்து அன்பு மொழி வந்தது. சிலருக்கு, இடைப்பட்ட மாதங்களில் இறந்துவிட்டவர்களின் பெயரில் செய்தி வந்தது. அனுப்பியவர்களுக்கோ தம் செய்தி போய்ச்சேரவில்லை என்பதே அதுவரை தெரியாது. தெரிந்திருந்தாலும் ரத்துசெய்ய அவர்களிடம் எந்தப் பொத்தானும் இல்லை. இன்றைய செயலிகளில் காத்திருக்கும் செய்தியருகே ஒரு கடிகாரக் குறியும், திருத்தவும் நீக்கவும் வழியும் இருப்பதை இந்நிகழ்வோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அவற்றின் மதிப்பு விளங்கும்.

பொதுவுடைமையான வசதி

அதே 2019இல் ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் மின்னஞ்சலுக்கு நேரம் குறிக்கும் வசதியைத் தந்தது. டெலிகிராமும் அவ்வாண்டே தந்தது. டெலிகிராம் பின்னர், பெறுபவர் இணையத்திற்கு வரும்போது அனுப்பு என்ற தெரிவையும் சேர்த்தது. கடிகாரத்தை விட்டு ஆளைப் பார்த்துக் காத்திருப்பது என்பதால் இது கவனிக்கத்தக்க திருப்பம். கூகுள் மெசேஜஸ் 2021 தொடக்கத்தில், ஆண்ட்ராய்டு 7 முதலான கருவிகளுக்கு இதை விரிவாக்கியது.

ஆப்பிள் கடைசியாக வந்தது. 2024 செப்டம்பரில் வெளியான ஐஓஎஸ் 18, 14 நாள் வரை முன்கூட்டியே நேரம் குறிக்க விடுகிறது. இங்கே செய்தி குறியாக்கம் செய்யப்பட்டு, அனுப்பப்படும்வரை ஆப்பிளின் வழங்கிகளில் இருக்கிறது. ஐமெசேஜ் வழியாகப் போகும் செய்திகளுக்கு மட்டுமே இந்த ஏற்பாடு. பாப்வொர்த் அனுப்பிய வகைச் சாதாரணக் குறுஞ்செய்திக்கு இது பொருந்தாது.