வயலில் இறங்கிய விமானமும் திரையில் விழுந்த விமானங்களும்

ஹைதராபாத்தில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் பலரும் இந்த ஊருக்கு முதன்முதலில் வந்தது சார்மினார் எக்ஸ்பிரஸில்தான். மாலையில் சென்ட்ரலில் ஏறி, கட்டிக் கொண்டுவந்த புளியோதரையைச் சாப்பிட்டுத் தூங்கினால், மறுநாள் காலையில் நாம்பள்ளி. பேகம்பேட்டை விமான நிலையம் அந்நாளில் நமக்கு வேடிக்கை பார்க்கும் இடம். அங்கே வந்து இறங்குகிறவர்கள் பெரிய அதிகாரிகளும் சினிமாக்காரர்களும்தான் என்று ஒரு எண்ணம்.

அந்த எண்ணம் முழுக்கத் தவறும் இல்லை. தெலுங்குப் படவுலகம் வளர்ந்ததெல்லாம் சென்னைக் கோடம்பாக்கத்திலும் வடபழனியிலும் அல்லவா? அக்கினேனி நாகேஸ்வர ராவ் 1970களில் இங்கே அன்னபூர்ணா ஸ்டூடியோவை அமைத்த பிறகும்கூட, பாட்டுப் பதிவு, லேப், வீடு வாசல் என்று பலருக்கும் பாதி வாழ்க்கை சென்னையில்தான் இருந்தது. 1990களின் தொடக்கத்திலும் நட்சத்திரங்கள் இரண்டு ஊருக்கும் இடையே பறந்துகொண்டேதான் இருந்தார்கள். அப்படி ஒரு விமானத்தின் கதையோடு, கதைகளிலும் படங்களிலும் விழுகிற விமானங்களைச் சேர்த்துப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

1993 நவம்பர் 15

அன்று சென்னையிலிருந்து ஹைதராபாத்துக்குப் புறப்பட்டது இந்தியன் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ300 ரக விமானம். பயண எண் 440. பயணிகளும் ஊழியர்களுமாக 262 பேர். சிரஞ்சீவி, பாலகிருஷ்ணா, விஜயசாந்தி உள்ளிட்ட தெலுங்குத் திரையுலகத்தார் பலர் அதில் இருந்தார்கள்.

பேகம்பேட்டையில் ஓடுதளம் சரியாகத் தெரியவில்லை. இறங்க வந்த விமானத்தை விமானி மீண்டும் மேலே ஏற்றினார். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பித்தது. இறக்கையின் பின்விளிம்பில் 'ஃப்ளாப்' என்று சில பலகைகள் உண்டு. விமானம் மெதுவாகப் பறந்து தரையிறங்க வசதியாக அவற்றைக் கீழே இறக்குவார்கள். மேலே ஏறியதும் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். அன்று அவை உள்ளே போகாமல் சிக்கிக்கொண்டன. அந்த நிலையில் பறந்தால் காற்றின் தடை கூடும், வேகம் குறையும், எரிபொருளும் அதிகம் செலவாகும். குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு எதிர்காற்றில் சைக்கிள் மிதிப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விமானத்தைச் சென்னைக்கே திருப்பினார்கள். வழியில் எரிபொருள் கணக்கு உதைத்தது. சென்னை எட்டாது, திருப்பதிக்காவது போய்விடலாம் என்று பார்த்தார்கள், அதுவும் எட்டவில்லை. கடைசியில் திருப்பதிக்கு அருகே நெல்வயலில் விமானத்தை இறக்கினார்கள். விமானம் மறுபடி பறக்க முடியாதபடி சிதைந்தது. ஆனால் 262 பேரில் ஒருவர்கூடச் சாகவில்லை. எரிபொருள் தீர்ந்ததுதான் ஆபத்தைக் கொண்டுவந்தது. பெரிய தீ மூளாமல் இருந்ததற்கும் அதுவே ஒரு காரணம் என்று சொல்லலாம்.

2009 ஜனவரியில் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் ஒரு விமானம் இறங்கி 155 பேரும் பிழைத்தார்கள். ஏழே ஆண்டுகளில் அது 'சல்லி' என்ற ஹாலிவுட் படமாகி உலகமெல்லாம் ஓடியது. இங்கே 262 பேர் பிழைத்தார்கள். அவர்களில் பலர் சினிமாவையே தொழிலாகக் கொண்டவர்கள். இருந்தும் அந்தச் சம்பவம் நம் பக்கத்தில் பேட்டிகளில் சொல்லும் நினைவாகத்தான் தங்கிவிட்டது. ஏன்?

கதைக்கு எதற்கு விமானம்?

நம் படங்களில் விமானம் விழுந்தால் அதற்குக் கதையில் ஒரு வேலை இருக்கும். ராஜ் கபூரின் 'சங்கம்' (1964) படத்தில் நாயகன் விமானப்படைக்குப் போகிறான். இறந்தான் என்று செய்தி வருகிறது. பிறகு திரும்பி வந்து நிற்கிறான். 'ஆராதனா' (1969) படத்தில் விமானி அருண் விபத்தில் இறக்கிறான்; மகன் வளர்ந்து அவனும் விமானி ஆகிறான். இந்தக் கதை 1974-இல் தமிழில் சிவாஜி நடித்த 'சிவகாமியின் செல்வன்' ஆகவும், தெலுங்கில் சோபன் பாபு நடித்த 'கன்னவாரி கலலு' ஆகவும் வந்தது. ஒரே விபத்து மூன்று மொழியிலும் தாய்மார்களை அழவைத்தது!

இந்தக் கதைகளில் விமானம் ஏன் விழுந்தது என்று யாரும் கேட்பதில்லை. கதாசிரியருக்கு நாயகன் காணாமல் போகவேண்டும், அதனால் விழுந்தது. பழைய கதைகளில் கப்பல் கவிழ்வதும் ஆற்றில் வெள்ளம் வருவதும் செய்த வேலையை, நம் காலத்தில் விமானம் செய்கிறது. விதியின் கை என்று பெயர். யாருமே சாகாத விபத்தை வைத்துக்கொண்டு இப்படிப்பட்ட கதை என்ன செய்யும்? 1993 சம்பவத்தில் அழவும் ஆளில்லை, பழிவாங்கவும் ஆளில்லை. சிக்கிக்கொண்ட ஒரு பலகையும், தீர்ந்துபோன எரிபொருளும்தான் இருந்தன.

திரைக்கு வெளியே

ஆனால் நம் படவுலகத்துக்கு விமான விபத்து வெறும் கதை முடிச்சாக மட்டும் இருந்ததில்லை. 1976 அக்டோபர் 12 அன்று பம்பாயிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் காரவெல் விமானம் உடனே தீப்பிடித்து விழுந்தது. 95 பேரும் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் மலையாள நடிகை ராணி சந்திரா. சிவகுமாருடன் அவர் நடித்துவந்த தமிழ்ப்படம் 'பத்ரகாளி' அப்போது முடியவில்லை. அவர் சாயலில் இருந்த வேறொரு பெண்ணை வைத்து மீதியை எடுத்து அதே ஆண்டு வெளியிட்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் இறந்துபோன ஒருவரையும் அவரைப் போன்ற ஒருவரையும் ஒரே பாத்திரமாகப் பார்த்தார்கள். எந்தக் கதாசிரியரும் இப்படி எழுதத் துணியமாட்டார். விபத்துக்குக் காரணமோ எஞ்சினுக்குள் சுழலும் வட்டு ஒன்றில் உலோகம் களைத்துப்போய் ஏற்பட்ட விரிசல்.

1980 நவம்பர் 16 அன்று, சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் 'கோளிளக்கம்' என்ற மலையாளப் படத்துக்கான ஹெலிகாப்டர் சண்டைக்காட்சியில் நடிகர் ஜெயன் உயிரிழந்தார். 2004 ஏப்ரல் 17 அன்று பெங்களூரு ஜக்கூரிலிருந்து கிளம்பிய சிறு விமானம் சில நிமிடங்களில் விழுந்தது. 'அருணாசலம்', 'படையப்பா' படங்களில் நாம் பார்த்த சௌந்தர்யாவும் அவருடைய அண்ணனும் அதில் இறந்தார்கள். தேர்தல் பிரசாரத்துக்காகக் கரீம்நகருக்கு, அதாவது நம் பக்கத்துக்குத்தான், அவர் வந்துகொண்டிருந்தார்.

அந்த வாரம் என் மாமியார் மயிலாப்பூரிலிருந்து போன் செய்தார். அடுத்த மாதம் வீட்டில் ஒரு கல்யாணம். "மாப்பிள்ளை, எல்லாரும் ரயில்லயே வந்துடுங்க. பிளேன் கீன்னு ஒண்ணும் வேண்டாம்." நான் 1993 கதையைச் சொன்னேன், 262 பேரும் பிழைத்ததைச் சொன்னேன். "அது ஏழுமலையான் காலடி, காப்பாத்திட்டான். எல்லா எடத்துலயும் வயல் இருக்குமா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. ரயிலில்தான் போனோம்.

காரணம் தேடிய நாவல்

மாமியாருக்கு அன்று சொல்லத் தெரியாத பதில் பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. நெவில் ஷூட் என்ற ஆங்கில நாவலாசிரியர் விமானப் பொறியாளரும்கூட. 1948-இல் வெளிவந்த அவருடைய 'நோ ஹைவே' நாவலில் ஒரு விஞ்ஞானி வருகிறார். புது ரக விமானத்தின் வால்பகுதி இத்தனை மணி நேரம் பறந்தால் உலோகம் களைத்து முறிந்துவிடும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறார். யாரும் நம்பவில்லை. 1951-இல் அது படமாகவும் வந்தது. 1954-இல் ஜனவரியிலும் ஏப்ரலிலும் இத்தாலிக் கடலோரம் இரண்டு காமெட் ஜெட் விமானங்கள் நடுவானில் சிதறின. கடலடியிலிருந்து துண்டுகளைப் பொறுக்கி எடுத்துச் சேர்த்து, ஒரு முழு விமானத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்துச் சோதித்தார்கள். கிடைத்த விடை, உலோகக் களைப்பு. நாவலில் வால், நிஜத்தில் உடற்பகுதி; காரணம் ஒரே இனம். அதன்பின் உலகமெங்கும் விமானம் கட்டும் முறையே மாறியது.

இது கதையின் இன்னொரு முகம். 'யார் இறந்தார்கள்?' என்று கேட்கும் கதை நம்மை அழவைக்கும். 'ஏன் விழுந்தது?' என்று கேட்கும் கதை அடுத்த விமானத்தைக் காப்பாற்ற உதவும். நம் மொழியில் முதல் வகை நிறைய உண்டு, இரண்டாம் வகை குறைவு. சென்னையில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் பணிபுரிந்த சுஜாதா போன்ற எழுத்தாளர் நமக்கு இருந்தும், இந்த வகை தனித் துறையாக வளரவில்லை.

தற்செயல்களும் நம்மை ஏமாற்றும். 1973 மே 31 அன்று சென்னையிலிருந்து சென்று டெல்லி பாலம் அருகே விழுந்த விமானத்தில் மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலமும் கோவை எம்.பி. பாலதண்டாயுதமும் இறந்தார்கள். அந்தப் பயணத்தின் எண்ணும் 440! இருபது வருடம் கழித்து அதே எண் திருப்பதி வயலில் இறங்கியது. ஜோசியருக்கு இது போதும். விசாரணை அதிகாரிக்குப் போதாது.

2011-இல் ராதாமோகன் இயக்கிய 'பயணம்' (தெலுங்கில் நாகார்ஜுனா நடித்த 'ககனம்') வந்தபோது குடும்பத்தோடு பார்த்தோம். கடத்தப்பட்ட விமானம் ஒன்று திருப்பதியில் இறங்குகிறது. பயணிகளுக்கு நடுவே ஒரு சினிமா கதாநாயகனும் உட்கார்ந்திருக்கிறார், திரையில் காட்டும் வீரம் எதுவும் இல்லாமல். பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு 1993 ஞாபகம்தான் வந்தது. அன்றும் நட்சத்திரங்கள் மற்றவர்களைப் போலவே பெல்ட்டைக் கட்டிக்கொண்டு காத்திருந்திருப்பார்கள். அங்கே வசனம் யாருக்கும் உதவியிருக்காது.

2008 மார்ச்சில் ஷம்ஷாபாத் திறந்ததும் பேகம்பேட்டையில் பயணிகள் விமானம் நின்றது. இப்போது நம் பிள்ளைகள் பஸ் பிடிப்பது மாதிரி விமானம் பிடிக்கிறார்கள். மாமியாரும் இன்று இல்லை. இருந்தால் சொல்லியிருப்பேன்: "அம்மா, ஏழுமலையான் காப்பாத்தினது சரிதான். ஆனா அந்தப் பலகை ஏன் சிக்கிச்சு, எரிபொருள் ஏன் போதலைன்னு உட்கார்ந்து கணக்குப் பார்த்தாங்களே, எல்லா இடத்திலயும் வயல் இருக்காதுங்கறதாலதான் அதைப் பார்த்தாங்க."

நம் வீடுகளில் யார் பயணம் போனாலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இறங்கியாச்சா?" அன்று 262 குடும்பங்களுக்கும் "இறங்கியாச்சு" என்றே பதில் கிடைத்தது. படமாகாவிட்டாலும் நாம் சொல்லிச் சொல்லி வைத்துக்கொள்ளவேண்டிய கதை அது.