கடல் கொண்டதும் கொள்ளாததும்

ஓர் ஊர் மறைந்தது என்றால் ‘கடல் கொண்டது’ என்று கூறி அமைவது தமிழ் மரபில் ஊன்றிவிட்ட வழக்கம். கவிதைக்கு அத்தொடர் பெருந்துணை. வரலாற்றுக்கு அத்துணை நன்மை செய்ததாகக் கூறவியலாது. சோழநாட்டுக் கீழைக் கடற்கரையில், பூம்புகார் தொடங்கிக் கோடியக்கரை ஈறாக நூறு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த நெய்தல் நிலத்தை இரண்டு பகற்பயணங்களில் கண்டு திரும்பலாம். மயிலாடுதுறையிலிருந்து ஒரு நாள், நாகப்பட்டினத்திலிருந்து ஒரு நாள். கடல் உண்மையில் எதைக் கொண்டது, எதன் மறைவுக்குக் கடல் பொறுப்பன்று என்பதை அவ்விரு நாட்களே உணர்த்திவிடும்.

பூம்புகாரில் இன்று காவிரி கடலொடு கலக்கும் இடத்தைக் காண்போர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவர். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை, நீரின் வந்த குதிரையும் ஈழத்து உணவும் காழகத்துப் பொருளும் குவிந்த துறைமுகத்தைக் காட்டுகிறது. காழகம் என்பதற்குக் கடாரம் என உரை கண்டார் நச்சினார்க்கினியர். கண்முன் இருப்பதோ, ஆண்டின் பெரும்பகுதியும் சிறு வாய்க்கால் போல் ஒடுங்கிய முகத்துவாரம். இந்திர விழாவை மன்னன் மறந்தமையால் மணிமேகலா தெய்வத்தின் சாபத்திற்கு ஆளாகி நகர் கடல்கோட்பட்டது என்பது மணிமேகலை தரும் விளக்கம்.

அகழாய்வு தரும் விளக்கம் இவ்வளவு நேரானதன்று. 1960களில் இந்தியத் தொல்லியல் துறை கீழையூரில் அகழ்ந்தபோது, செங்கல்லால் கட்டிய படகுத்துறை ஒன்றும், படகு பிணிக்க நட்ட மரத்தூண்களின் எச்சங்களும் வெளிப்பட்டன. அத்தூண்களின் காலம் கி.மு. 3ஆம் நூற்றாண்டு எனக் கரிமக் கணிப்பு கூறிற்று. பல்லவனீச்சுரத்தில் புத்த விகாரையின் அடித்தளம் கிட்டியது. இவையெல்லாம் கடலின் அடியில் கிடைத்தவை அல்ல. உழுநிலத்தின் அடியில் கிடைத்தவை. படகுத்துறை இருந்த இடத்தில் இன்று நீரில்லை என்றால், அங்கே கடல் முன்னேறவில்லை, ஆறுதான் விலகியிருக்கிறது. கரையோர அலைபடு பகுதியிலும் செங்கற் கட்டடங்களைக் கடல்சார் அகழாய்வாளர் பின்னர்க் கண்டறிந்தனர் என்பதும் மறுக்கத்தக்கதன்று. ஆகவே நகரின் ஒரு பகுதியைக் கடல் கொண்டது. மற்றொரு பகுதியை மண் மூடியது. காவிரியின் வெள்ளம் கொள்ளிடத்தின் வழியே மிகுதியாக வடிந்தோடுவது பழைய சிக்கல். அதைத் தடுக்கவே 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டினார். நீர்வரத்துக் குறைந்த ஆற்றுமுகம் மணலால் தூர்ந்துபோவது இயல்பு. இதில் சாபத்திற்கு இடமில்லை. இவ்வளவும் அறிந்த பின்னர்க் கீழையூரில் நின்று பட்டினப்பாலையை ஒருமுறை படிப்பது தனி இன்பம்; 1973இல் எழுப்பப்பெற்ற சிலப்பதிகாரக் கலைக்கூடத்தில் கிட்டுவதைக் காட்டிலும் அது பெரிது.

தெற்கே தரங்கம்பாடியில் கடலின் கையை ஐயமின்றிக் காணலாம். பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முற்பகுதியை அலைகள் அரித்துத் தின்றுவிட்டன. கருங்கற் பாறைகளைக் குவித்தே எஞ்சியதைக் காக்க வேண்டியதாயிற்று. அதன் அருகில், 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவு பெற்று டேனியர் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை நிற்கிறது. நாயக்கர் டென்மார்க் மன்னருக்குப் பொன்னோலையில் வரைந்த தமிழ் மடல் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் உள்ளது. 1706இல் இங்கு வந்திறங்கிய சீகன்பால்குவின் அச்சகம் தமிழ் நூல் வரலாற்றில் பெற்றுள்ள இடம் மன்றத்தினர் அறிந்ததே. 1845இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு விலையாக மாறியது. 1861இல் இருப்புப்பாதை நாகப்பட்டினத்தைச் சென்றடைந்தது. வாணிகம் அதன் பின்னே சென்றது. ஒரு துறைமுகத்தைத் தண்டவாளமும் அழிக்க வல்லது.

காரைக்காலை அம்மையாரின் பொருட்டே வணங்கிக் கடந்து, மறுநாள் நாகையில் தொடங்கலாம். முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிசய மன்னனின் பேரால் இங்கு எழுந்த சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் பள்ளிச்சந்தமாக வழங்கப்பட்டதை லெய்டன் செப்பேடுகள் உரைக்கின்றன. இன்று அவ்விகாரையைத் தேடிச் செல்வோர்க்குக் காண ஒன்றுமில்லை. ‘கடல் கொண்டது’ என்று இங்கும் சொல்லி நகர்ந்துவிடலாம். உண்மை வேறு. கடலோடிகளுக்கு அடையாளமாக நின்ற மூன்றடுக்குச் செங்கற் கோபுரம் ஒன்று 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை இங்கு இருந்தது. இயேசு சபையார் இசைவு கேட்க, அரசு வழங்க, 1867இல் அது இடிக்கப்பட்டது. நாள் குறிக்கப்பட்ட, ஆணை எழுதப்பட்ட அழிவு. அப்பகுதியில் 1856 முதலாகக் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் 350க்கும் மேற்பட்டவை. மறைந்த புகாருக்காக வருந்தும் தமிழ்க் கவிதை, இக்கோபுரத்திற்காகப் போதிய அளவு வருந்தவில்லை என்றே கூறவேண்டும்.

வேதாரணியத்தை அடுத்த அகத்தியம்பள்ளியில் 1930 ஏப்ரல் 30ஆம் நாள் இராசாசியும் தொண்டர்களும் உப்பெடுத்தனர். நெய்தல் நிலத்தின் தொன்மையான தொழில் அரசியலாக மாறிய இடம் அது. அங்கே உப்பளங்கள் இன்றும் வெயிலில் வெண்மை காட்டுகின்றன.

கோடியக்கரையில் நிலம் முடிந்து கடற்கரை மேற்காகத் திரும்புகிறது. வெளிமானுக்காக 1967இல் அறிவிக்கப்பெற்ற காப்பிடம் இது. கார்காலம் தொடங்கியதும் பூநாரை முதலிய வலசைப் புள்ளினம் உவர்நீர்ப் பரப்புகளில் வந்து நிறையும். காட்டில் மிகுந்திருக்கும் மரத்தின் பெயர் பாலை. நெய்தலுக்குள் பாலை நிற்கும் இவ்விந்தையைத் திணைமயக்கம் பேசுவோர் நேரில் வந்து காண்பது நலம். திரியும் மட்டக்குதிரைகளைப் பட்டினப்பாலைக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் என்று எவரேனும் பாடினால், பாட்டை மட்டும் போற்றலாம்.

2018 நவம்பர் 16இல் கரைகடந்த கஜா புயல் இக்காட்டின் மரங்களைச் சாய்த்தது. அதற்கு முன்பே, 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில், சோழர் காலத்தது என்று வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்த பழைய கலங்கரை விளக்கம் சரிந்தது. செங்கற் சிதைவுகள் கரையில் கிடந்தன. இதனைக் கடல் கொண்டது என்று தயங்காமல் எழுதலாம், கண்டவர்கள் இருக்கிறார்கள்.