பேய் என்னும் பெயர் பெற்ற பெருமை

பேய் என்று சொன்ன அளவிலே நெஞ்சம் நடுங்குகின்றது. குடமுழுக்குப் போன்ற மங்கலநாளில் வெளிவரும் மலரில் இச்சொல்லுக்கு இடம் உண்டோ என்று வினவுவாரும் இருக்கலாம். ஆயினும், சைவத்தில் ஓர் அம்மையாரும் வைணவத்தில் ஓர் ஆழ்வாரும் இப்பெயராலேயே நம்மால் வணங்கப்பெறுகின்றனர்.

அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு எனக் கூறும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், அணங்கு என்பதையே முதற்கண் வைக்கின்றது. பேயும் பூதமும் அதனுள் அடங்கும் என்பர் உரையாசிரியர். அதே அணங்கு என்னும் சொல் தெய்வமகளையும் குறிக்கும். அஞ்சத்தக்கதும் தொழத்தக்கதும் பழந்தமிழர்க்கு ஒரு சொல்லிலேயே அடங்கின. கழுது, கூளி, அலகை முதலிய பெயர்கள் வேறு. உலகம் உண்டென்று ஒப்புவதை இல்லையென்று மறுப்பவனை வள்ளுவர் அலகை என்றே இழித்துரைக்கின்றார்.

இல்லாததை உள்ளதாகக் காட்டும் மயக்கத்திற்கும் நம் மொழியில் சொற்கள் பல உள. கோடைவெயிலில் நீர்போல ஓடித் தோன்றும் கானலுக்குப் பேய்த்தேர் என்று பெயர். அணுக அணுக அகன்று செல்லும் அத்தோற்றத்திற்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது! வேட்கை மிகுதியால் கண்முன் எழும் பொய்யுரு உருவெளித் தோற்றம் எனப்படும். கம்பர் காவியத்தில் இராவணன் தன்முன் சீதையின் உருவைக் காண்கின்றான். அவனால் அழைக்கப்பெற்ற சூர்ப்பணகையோ அவ்விடத்தில் இராமனைக் காண்கின்றாள். அவரவர் ஆசையே அவரவர்க்கு உருவாயிற்று.

இனி, காரைக்கால் அம்மையார் வரலாற்றைக் காண்போம். இறைவன் அருளால் வந்த மாங்கனி மறைந்ததைக் கண்ட கணவன் பரமதத்தன், தன் மனைவி புனிதவதியாரை மானுடப் பெண் அல்லள், அணங்கு என்று கருதி அஞ்சி நீங்கினான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பெருமான் அவ்விடத்தில் அச்சொல்லையே பெய்திருப்பது எண்ணி மகிழத்தக்கது. கணவன் அச்சத்தால் உயர்ந்த பெயரை அளித்தான். அம்மையாரோ அன்பினால் தாழ்ந்த பெயரை விரும்பி ஏற்றார். அவன்பொருட்டுத் தாங்கிய தசைப்பொதியைக் கழித்து, பேய்வடிவு அருளுமாறு இறைவனை இரந்தார். தம் பாடல்களில் காரைக்காற் பேய் என்றே தம்மைக் குறித்தார். தலையாலே நடந்து கயிலை ஏறிய அவ்வுருவைக் கண்டு உமையம்மை வியந்து வினவ, தாயும் தந்தையும் இல்லாத பெருமான் அவரை அம்மையே என்று அழைத்தான். திருவாலங்காட்டுச் சுடலையில் பேய்கள் சூழ ஆடும் கூத்து அவர்க்கு மயக்கக் காட்சி அன்று, அதுவே மெய்க்காட்சி.

பேயாழ்வார் திறமும் இத்தகையதே. மயிலையில் தோன்றிய அப்பெருமான், பக்தி மீதூரப் பித்தர்போல் ஒழுகியமையால் அப்பெயர் பெற்றார் என்பர். திருக்கோவலூரில் மழைபொழிந்த இரவில், சிறியதோர் இடைகழியில் முதலாழ்வார் மூவரும் நெருங்கி நின்றபோது, நான்காமவர் ஒருவரும் உடன் நெருக்குவதை உணர்ந்தனர். இருளில் இவ்வாறு நேர்ந்தால் நம்மனோர் பேயென்று அலறியிருப்போம். அவர்களோ அன்பையே விளக்காக ஏற்றினர். திருமகளோடு கூடிய திருமாலின் திருமேனியைத் தாம் கண்ட காட்சியோடு தொடங்குகின்றது பேயாழ்வாரின் மூன்றாம் திருவந்தாதி.

அம்மையாரின் பேயுரு தமிழ்நாட்டெல்லையையும் கடந்தது. கம்போச நாட்டில் 967ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பந்தேய் சிரெய் சிவாலயத்தில், ஆடும் பெருமான் திருவடியின் அருகே என்பு தோன்ற அமர்ந்திருக்கும் பெண்ணுருவை அம்மையார் என்றே அறிஞர் கொள்வர். கங்கைகொண்ட சோழபுரத்துக் கூத்தப்பிரான் சிற்பத்திலும் அவர் தாளமிட்டவாறு விளங்குகின்றார். நம் ஆலயங்களில் அறுபத்துமூவர் வரிசையை வலம்வரும் அன்பர்கள் சற்றே உற்று நோக்குக: ஏனையோர் நின்றிருக்க, மெலிந்த மேனியராய் அமர்ந்திருப்பவர் அவரே.