கண்ணாடி விளிம்பின் நிழல்

1958-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த வில்மர் கண் நிலையத்தில் இரண்டு இளம் விஞ்ஞானிகள் ஒன்று சேர்ந்தார்கள். ஒருவர் டேவிட் ஹியூபெல். கனடாவில் பிறந்து, கணிதமும் இயற்பியலும் படித்துவிட்டு மருத்துவத்துக்கு வந்தவர். மற்றவர் ஸ்வீடன்காரரான டார்ஸ்டன் வீஸல். தந்தை மனநல மருத்துவராக இருந்த மருத்துவமனை வளாகத்திலேயே வளர்ந்தவர்.

ஹியூபெல் போய்ச் சேர வேண்டியது வேறோர் ஆய்வுக்கூடம். அங்கே கட்டட வேலை நடந்துகொண்டிருந்ததால், சில மாதம் இங்கே இருக்கட்டும் என்று வீஸலின் ஆய்வுக்கூடத் தலைவர் ஸ்டீபன் குஃப்லர் அவரை வீஸலோடு சேர்த்துவிட்டார். அந்தக் கூட்டு இருபது ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது.

விழித்திரையின் செல்கள் சிறு ஒளிப்புள்ளிக்கு எப்படி எதிர்வினை காட்டுகின்றன என்பதைக் குஃப்லர் 1953-லேயே கண்டுபிடித்திருந்தார். அந்தச் செய்தி மூளையின் பின்பகுதியில் உள்ள பார்வைப் புறணியை அடைந்தபின் என்ன ஆகிறது? அதுதான் இருவரும் எடுத்துக்கொண்ட கேள்வி. ஒற்றை நரம்பு செல்லின் துடிப்பைப் பதிவு செய்ய, டங்ஸ்டன் கம்பியை மிக நுண்ணிய முனையாகத் தீட்டும் முறையை ஹியூபெல் முன்பே உருவாக்கி வைத்திருந்தார். செல் துடித்தால் ஒலிபெருக்கியில் படபடவென்று சத்தம் கேட்கும்.

மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பூனையின் கண்முன்னே மணிக்கணக்கில் ஒளிப்புள்ளியைக் காட்டினார்கள். செல் அசையவில்லை. கரும்புள்ளி ஒட்டிய கண்ணாடிச் சிலைடை மாற்றிச் செருகினார்கள். திடீரென்று ஒலிபெருக்கி இயந்திரத் துப்பாக்கி போல் வெடித்தது! கரும்புள்ளிதான் காரணம் என்று முதலில் நினைத்தார்கள். திரும்பத் திரும்பச் செய்து பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. சிலைடைச் செருகும்போது அதன் விளிம்பின் மங்கலான நிழல் ஒரு கோடாக நகர்ந்து போனது. அந்தக் கோடு குறிப்பிட்ட சாய்வில் இருந்தால் மட்டுமே செல் துடித்தது.

இதைத் தற்செயல் என்று பலரும் எழுதிவிட்டார்கள். அது பாதி உண்மைதான். மௌனமாக இருந்த ஒரு செல்லை விட்டு நகராமல், காரணம் தெரியும்வரை உட்கார்ந்திருந்த பொறுமைக்கே முதல் மரியாதை சேர வேண்டும். 1959-ல் முதல் கட்டுரை வந்தது. அதே ஆண்டு குஃப்லரோடு ஹார்வர்டுக்குப் போனார்கள். பல கோணங்களில் சாய்ந்த கோடுகளுக்குத் தனித்தனிச் செல்கள் இருப்பதும், ஒரே சாய்வுக்குரியவை வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதும் அடுத்தடுத்துத் தெரியவந்தன.

ஆனால் மனிதருக்கு அதிகம் பயன்பட்டது 1963-ல் வெளிவந்த ஆய்வு. முதியவருக்குக் கண்புரையை அகற்றினால் பார்வை திரும்புகிறது. பிறவிப் புரையோடு வளர்ந்த குழந்தைக்குத் தாமதமாக அகற்றினால் பார்வை சரியாகத் திரும்புவதில்லை. ஏன்? பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையைத் தைத்து, சுமார் மூன்று மாதம் கழித்துத் திறந்தார்கள். படிக்கும்போது மனம் கனக்கத்தான் செய்கிறது. விழித்திரையில் கோளாறு இல்லை. ஆனால் புறணியில் ஏறக்குறைய எல்லாச் செல்களும் திறந்திருந்த கண்ணுக்கே பதில் சொல்லின. வளர்ந்த பூனையிடம் இதையே செய்தபோது எந்தப் பாதிப்பும் இல்லை. நான்காவது வாரத்தில் தொடங்கும் ஆபத்தான பருவத்தில், மூன்று நான்கு நாள் மூடிவைத்தாலே சேதம் ஏற்படுவதைப் பின்னர் கண்டார்கள்.

கண் மருத்துவர்களுக்கு இதன் பொருள் உடனே புரிந்தது. பிறவிப் புரைக்குக் காத்திருக்காமல் அறுவை செய்ய வேண்டும் என்பது உறுதிப்பட்டது. மூளை பயன்படுத்தாமல் விட்டதால் சோம்பிய கண்ணைப் பழக்க, நல்ல கண்ணைச் சிறு வயதிலேயே மறைத்து வைக்கும் சிகிச்சைக்கும் அறிவியல் அடிப்படை கிடைத்தது. 1981-ல் ரோஜர் ஸ்பெரியோடு இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஹியூபெல் 2013-ல் காலமானார்.

அந்தப் பருவம் கடந்தாலும் கதவு முழுதாக அடைபடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் பவன் சின்ஹா நடத்தும் பிரகாஷ் திட்டத்தில், எட்டு வயதைத் தாண்டி அறுவை செய்துகொண்ட பிள்ளைகளும் ஓரளவு பயன்படும் பார்வையைப் பெற்றிருக்கிறார்கள். ஆனாலும் கூர்மை முழுதாக வருவதில்லை.

மாறுகண்ணாலும் ஒரு கண் இப்படிச் சோம்பிப்போகலாம். ஆனால் மாறுகண் அதிர்ஷ்டம் என்று நம்மூரில் இன்னும் சொல்கிறார்கள். குழந்தையின் கருவிழி நடுவே வெண்மை தெரிந்தாலோ, கண் ஒருபக்கம் சாய்ந்தே நின்றாலோ, ‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்று காத்திருக்காதீர்கள். உடனே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.