லா பெரூஸ்: ஒரு பெயரும் ஒரு கரையும்

ஊர்ப்பெயர் என்றால் அங்கு நெடுநாள் வாழ்ந்தவர்களையோ அம்மண்ணின் இயல்பையோ குறிக்கும் என எதிர்பார்ப்போம். சிட்னி நகரின் தென்கிழக்கே, பாட்டனி விரிகுடாவின் வடகரை முனையில் அமைந்த லா பெரூஸ் இதற்கு விலக்கு. அப்பெயருக்குரிய பிரெஞ்சு மாலுமி அக்கரையில் தங்கியது ஏறத்தாழ ஆறு வாரங்களே.

1785 ஆகஸ்டில் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து இரு கப்பல்களுடன் புறப்பட்ட லா பெரூஸ், 1788 சனவரி 26 அன்று விரிகுடாவுக்குள் நுழைந்தார். நன்னீரும் காப்பான துறையும் அங்கில்லை எனக் கண்ட ஆங்கிலேயர், அதே நாளில் தம் கப்பல்களை வடக்கே சிட்னித் துறைக்கு நகர்த்திக்கொண்டிருந்தனர். இரு தரப்பினரும் பகையின்றியே பழகினர். பிரெஞ்சுக்காரர் கரையில் மரவேலி அமைத்து அதனுள் படகுகள் கட்டினர். சமோவாவில் நேர்ந்த மோதலில் பன்னிருவரைப் பறிகொடுத்து வந்தவர்கள் அவர்கள். உடன் வந்த துறவியும் அறிவியலாளருமான ரெசெவர் பெப்ரவரி 17இல் மறைந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். கடிதங்களை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்து, மார்ச் 10இல் பாய்விரித்த கப்பல்கள் நாடு திரும்பவேயில்லை. அவற்றுள் ஒன்றின் பெயர் ‘பூசோல்’. பிரெஞ்சு மொழியில் திசைகாட்டி என்று பொருள்! வனிக்கோரோத் தீவருகே அவை உடைந்தமைக்கான சான்றுகளைப் பீட்டர் டில்லன் 1827இல் கண்டறிந்தார். அதற்கு இரண்டாண்டுகள் முன்பே, பாட்டனி விரிகுடாவுக்கு வந்த பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பூகேன்வில் நினைவுத்தூண் ஒன்றுக்கு வழிசெய்திருந்தார்.

இவ்வூரின் கதையை அத்தூணோடு முடித்துவிடுவோர் உளர். எனக்கு அது உடன்பாடன்று. அம்மரவேலி எவரை அஞ்சி எழுப்பப்பட்டதோ, அவர்தம் வழிவந்தோரும் தென்கரையிலிருந்து வந்து சேர்ந்த உறவினரும் அங்கேயே வாழ்ந்தனர். விரிகுடாவுக்கு அம்மக்கள் வழங்கிய பெயர் ‘கமேய்’. 1895இல் அவர்களுக்கென ஒரு சிறு நிலப்பரப்பு ஒதுக்கப்பட்டது. ஒதுக்கியதெனினும் உரிமையன்று, கட்டுப்பாடுகளே மிகுதி. 1902இல் டிராம் வந்தது. ஞாயிறுதோறும் வந்த பயணிகளுக்குப் பெண்கள் கிளிஞ்சல் பதித்த பெட்டிகளையும் சிறு காலணி வடிவங்களையும் விற்றனர். 1932இல் சிட்னித் துறைமுகப் பாலம் திறக்கப்பட்ட பின் அதன் உருவையும் கிளிஞ்சலால் செய்தனர். கரையில் பொறுக்கிய ஓடு அவர்கள் கையில் பிழைப்பாயிற்று.

கடற்கரையின் மதிப்பு உயர உயர, அவர்களை அகற்றும் பேச்சும் எழுந்தது. 1928இல், வெளியேற மறுத்து அவர்கள் விண்ணப்பம் எழுதினர். முன்னோர் மண் என்பதே அவர்கள் முன்வைத்த வாதம். அவர்கள் போகவில்லை. டிராம்தான் போயிற்று, 1961 பெப்ரவரியில் சிட்னியின் பழைய டிராம் சேவை அவ்வழித்தடத்தோடு முடிவுற்றது.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 1983ஆம் ஆண்டு நிலவுரிமைச் சட்டத்தின்படி, 1984இல் அந்நிலத்தின் உரிமைப் பத்திரம் அம்மக்களின் நில மன்றத்திடம் அளிக்கப்பட்டது. அம்மன்றம் தாங்கியிருக்கும் பெயரும் லா பெரூஸ்தான். ஊரார் அதைச் சுருக்கி ‘லாப்பா’ என்கின்றனர்.